பெரிய குப்பி

மூன்று நாளாகத் தடுமன். மேசையில் மனைவி வைத்த மிளகு ரசம் ஆவி பறக்கிறது. அதன் பக்கத்திலேயே எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி கொண்டுவந்த பார்லித் தண்ணீர். "தொண்டை வலியா? உடம்பு ஹீட்டி லா" என்பது அவர் தீர்ப்பு. "குளிர்ச்சி ஏறிப்போச்சு" என்பது இவள் தீர்ப்பு. மருத்துவ விடுப்பு கொடுத்த மருத்துவரோ, "வைரஸ்தான், ஆன்டிபயாடிக் வேண்டாம், நன்றாகத் தூங்கி நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்றார். எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. நான் இரண்டையும் குடித்தேன். ஆன்ட்டியின் பாத்திரத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு அதே மின்தூக்கியில் அவரோடு பதினான்கு மாடி இறங்க முடியாது.

இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர்கள் பெரும்பாலும் யார் மீதாவது பழியைப் போட்டிருக்கிறார்கள். ஜலதோஷம், நீர்க்கோவை என்றால் குற்றவாளி தண்ணீர். ஆங்கிலேயன் குளிரைச் சொன்னான்; பூமத்திய ரேகையை ஒட்டிய இந்த ஊரில், வியர்த்து வழிந்துகொண்டு 'கோல்டு' என்று சொல்ல எனக்கு இன்னும் கூச்சம்தான். இந்தோனேசியர்கள் 'மாசுக் ஆங்கின்' என்பார்கள், காற்று புகுந்துவிட்டதாம். இத்தாலியர்கள் வானம் வரைக்கும் போனார்கள். இன்ஃபுளுயன்சா என்றால் செல்வாக்கு, அதாவது நட்சத்திரங்களின் செல்வாக்கு. என் அலுவலகத்தில் ஏர்கான். யாழ்ப்பாணத்து நண்பர் சொல்லும் தடிமன் ஒன்றுதான் எனக்கு யோக்கியமான சொல்லாகப் படுகிறது. யாரையும் சாட்டாமல், தலை தடித்துக் கிடப்பதை மட்டும் சொல்கிறது.

1946இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் தடுமனுக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் திறந்தார்கள். தன்னார்வலர்களைக் குளிக்கவைத்து, ஈரத்தோடு காற்றடிக்கும் நடைவழியில் நிற்கவைத்து, ஈரக் காலுறையோடு உலவவிட்டுப் பார்த்தார்கள். ஈரத்தால் சளி பிடித்தது என்று நிரூபிக்க முடியவில்லை. "தலையைத் துவட்டுடா" என்று என் பள்ளிக்காலம் முழுக்கக் கத்திய அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "வெள்ளைக்காரன் எண்ணெய் தேச்சா குளிச்சான்?" என்றாள்.

ரசக் கட்சியும் பார்லிக் கட்சியும் ஒத்துப்போகிற மருந்து ஒன்று உண்டு, கோடாலித் தைலம். லியுங் யுன் சீ என்பவர் ஜெர்மானிய மருத்துவர் ஒருவரிடமிருந்து பெற்ற செய்முறையை வைத்து 1928இல் இங்கே சிங்கப்பூரில் தொடங்கியது. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. அங்கே அது சிங்கப்பூர்த் தைலம்.

சித்தப்பா இங்கே கப்பல்பட்டறையில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். பெட்டி திறக்கிற அன்று கூடத்தில் இடமிருக்காது. கைலியும் போர்வையும் இன்னாருக்கு என்று முன்பே முடிவானவை, தகராறெல்லாம் தைலத்தில்தான். பெரிய குப்பி உள்ளங்கையை அடைக்கும், சின்னது சுண்டுவிரல் அளவு. உறவில் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். சின்னது கிடைத்த அத்தை ஒருத்தி, "நமக்குத் தலைவலி சின்னதாத்தானே வரும்" என்று சொல்லிவிட்டுப் போனவள், ஆறு மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

பெரிய குப்பி அப்பாயிக்கு. சுருக்குப்பையில் வெற்றிலையோடு வைத்திருப்பாள். அவள் மடித்துக் கொடுக்கும் வெற்றிலைகூடக் கோடாலி மணக்கும். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆங்கிலமும் சீனமும் அச்சிட்ட அந்த ஒட்டுச்சீட்டில் புரிந்தது கோடாலிப் படம் மட்டும்தான், அது போதுமாக இருந்தது. சளி என்று போய் நின்றால் குப்பியைச் சாய்க்கமாட்டாள். மூடியின் உட்புறத்தை மூக்குக்குக் கீழே ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். "சூடு ஏறுதா?" "ஏறுது." தீர்ந்த பிறகும் குப்பி தலையணைக்கு அடியில் கிடந்தது. ஒருநாள் சித்தப்பாவிடம் கேட்டாள், "அந்த ஊரே இப்படித்தான் மணக்குமாடா?" அவர் பேசாமல் இருந்தார். கப்பல்பட்டறை எப்படி மணக்கும் என்று இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

சூடு என்று அப்பாயி நம்பியதும் சரியில்லை. தைலத்தில் உள்ள மெந்தால் மூக்கைத் திறப்பதே இல்லை. கருவி வைத்து அளந்தால், பூசும் முன் போன காற்றுதான் பூசிய பிறகும் போகிறது. நரம்பு முனையில் குளிரை உணர ஒரு புரதம் இருக்கிறது. 2002இல் கண்டுபிடித்தார்கள். அதில் பங்குள்ள டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டெம் படாபூட்டியனுக்கும் வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதத்தை ஆராய்ந்ததற்காக 2021இல் நோபல் கிடைத்தது. குளிர்ந்த காற்று எழுப்ப வேண்டிய அந்தப் புரதத்தை மெந்தால் எழுப்பிவிடுகிறது. காற்று தாராளமாகப் போவதாக மூளை நம்பிக்கொள்கிறது. ஆக, சூடு என்று எங்களுக்குப் பூசப்பட்டதில் பாதி குளிர். இதை எதிர்வீட்டில் சொல்லப்போவதில்லை. இன்னொரு பானை பார்லித் தண்ணீர் வரும்.

மகன் பிறந்தபோது அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள், தைலத்தோடு. 1965 முதல் இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உண்டா என்று ரத்தம் பார்க்கிறார்கள். இருந்தால் கற்பூரமும் பாச்சை உருண்டையும் ஆகாது. இல்லாவிட்டாலும் பச்சைக் குழந்தைக்குக் கற்பூரம் கலந்த தைலம் கூடாது என்று தாதி கண்டித்துச் சொன்னார். அம்மா குப்பியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் தைலம் தீர்ந்திருந்ததால் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு தேக்காவுக்குப் போனேன். தொழிலாளர் விடுதிகளிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்கியிருக்கிற மாலையில் சிராங்கூன் சாலையில் நடப்பதே பெரும்பாடு. கடையில் எனக்கு முன்னால் ஒரு தம்பி, எங்கள் பக்கத்துப் பேச்சு. கைப்பேசியில் பட்டியல் வைத்திருந்தான்.

"அண்ணே, கோடாலி சின்னது இருபது குடுங்க."

கடைக்காரர் எண்ணி வைத்தார். "பெருசு?"

"பெருசு ஒண்ணு."

பட்டியலை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ரெண்டாக் குடுங்கண்ணே."