நின்றால் அணையும் விளக்கு

கும்பகோணத்தில் என் தந்தையார் ஓட்டிய சைக்கிளை, அவர் மறைந்தபின், 1986-ஆம் ஆண்டு ரயிலில் ஏற்றித் தில்லிக்குக் கொண்டுவந்தேன். கரோல்பாக் வாடகை வீட்டில் மனிதருக்கே இடம் போதாதபோது இது எதற்கு என்று என் மனைவி கேட்டது நியாயமே. எனக்கோ அந்தச் சைக்கிளைவிட அதன் டைனமோ விளக்கு பெரிது. இரவில் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு அவர் தெருமுனை திரும்பும்போது, டயரில் உராயும் டைனமோவின் 'கிர்ர்' ஓசைதான் முதலில் கேட்கும். அதைக் கேட்டதும் அன்னையார் இலையைப் போட்டுவிடுவார்.

டைனமோவைக் கண்டிராத இளைஞர்களுக்காக ஒரு வார்த்தை. டயரோடு சேர்ந்து சுழலும் சிறு உருளை உள்ளேயுள்ள காந்தத்தைச் சுழற்ற, கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும். 6 வோல்ட், 3 வாட் என்பது வழக்கமான அளவு. அந்தச் சிறு மின்சாரத்திலும் பெரும்பங்கை பல்பின் டங்ஸ்டன் இழை வெப்பமாகவே தின்றுவிடும். வேகமாக மிதித்தால் பளீரென்று எரியும், மெல்லப் போனால் மஞ்சளாய் மங்கும், நின்றால் அணைந்துவிடும்.

1974-இல் ஒரு மழையிரவு. ரயில்வே கேட்டருகே சாலையைக் கடப்பதற்காகத் தந்தையார் நின்றிருக்கிறார். எதிரே வளைந்து வந்த லாரி இடித்துத் தள்ளியதில் இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு அவர் சைக்கிள் ஏறவேயில்லை. "விளக்கு எரிந்திருந்தால் அவன் பார்த்திருப்பானே" என்று அன்னையார் எத்தனையோ முறை சொன்னதுண்டு. அதைக் கேட்டு வளர்ந்த நானே அவ்விளக்கைத் துடைத்துத் துடைத்துப் பாதுகாத்தேன்! பாசத்தில் இப்படியும் ஒரு கண்மறைப்பு.

2019 ஜனவரியில், மூடுபனி கவிந்த ஒரு நாள், விடியுமுன் என் பேரன் அந்தச் சைக்கிளில் பால் வாங்கப் போனான். திருப்பத்தில் நின்றவனை ஒரு கார் உரசிச் சென்றது. நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. "நான் நின்றது அவருக்குத் தெரியவில்லை, தாத்தா" என்றான். எனக்கு அன்னையாரின் குரல் கேட்டது.

மறுநாளே ஜண்டேவாலான் சைக்கிள் கடைவீதிக்குப் போனேன். பழைய கூட்டுக்குள்ளேயே எல்.இ.டி. பல்பைப் பொருத்திவிட முடியாதா என்பது என் நப்பாசை. கடைக்காரர் சிரித்தார். டைனமோ தருவது திசை மாறிமாறி ஓடும் மின்சாரம், எல்.இ.டி.யோ ஒரு திசையில்தான் மின்சாரத்தை விடும். அதற்கு வழி செய்தாலும், பழைய பிரதிபலிப்புக் கிண்ணம் இழை இருந்த இடத்தைக் கணக்கிட்டு வளைக்கப்பட்டது, ஒளி சிதறிப்போகும். "பாபுஜி, நின்றாலும் எரிய வேண்டுமென்றால் பேட்டரி விளக்கே போடுங்கள்" என்றார். முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு என இரண்டு வாங்கினேன். நீல ஒளி தரும் எல்.இ.டி.யைப் படைத்ததற்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்ததைப் படித்தபோது பக்கத்தைப் புரட்டிவிட்டவன் நான். அந்த நீலத்திலிருந்தே பேரனின் வெள்ளை விளக்கு பிறந்தது என்பதை அப்புறந்தான் அறிந்தேன்.

பழைய விளக்கைக் கழற்றிவிட்டேன். டைனமோவைக் கழற்ற மட்டும் கை வரவில்லை. டயரில் படாதவாறு விலக்கி வைத்திருக்கிறேன். ஆகவே, பேரன் தெருமுனை திரும்புவது இப்போது காதுக்குத் தெரிவதில்லை. மனைவிதான் அடுப்பைத் தணித்துவிட்டு, வெளிச்சம் தெரிகிறதா என்று மாடி முகப்புக்கு வந்து பார்க்கிறாள்.