துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு ஊருக்குள் வரவும்

அமெரிக்காவில் எச்1பி விசாவில் வேலை பார்ப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிறது மத்திய அரசுச் சட்டம். அதே சட்டத்தில் ஒரு சந்தும் இருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை விலகிவிடும். முயலைக்கூடச் சுடும் எண்ணம் இல்லாத கணினிப் பொறியாளர், துப்பாக்கி வாங்குவதற்காக வேட்டைக்காரர் ஆகலாம். அரிசோனா மாநிலத்தின் சாண்ட்லர் நகரில், சிப் தொழிற்சாலைகளை நம்பி வந்து குடியேறிய தமிழர் வீட்டு விருந்துகளில் இந்தச் சந்து ஒரு நகைச்சுவைத் துணுக்காகவே பேசப்படுகிறது. ஆனால் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, ஓசூர் சிப்காட்டில் வேலை கற்று, பிறகு இங்கே வந்தவருக்கு அது அவ்வளவு சிரிப்பாக இருப்பதில்லை.

அவர் வளர்ந்த இடத்தில் துப்பாக்கி சினிமாவுக்கு முன்பே இருந்தது. கேழ்வரகு முற்றும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் எல்லை தாண்டி ஜவளகிரி, தளி, சானமாவு என்று இறங்கி வரும். பரண் மீது விடிய விடியக் காவல், பட்டாசு, தீப்பந்தம், தகர டப்பா. சில வீடுகளில் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கியும் உண்டு. குழல் வாய் வழியாகக் கரிமருந்து இட்டு, பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, கம்பியால் இடித்து நிரப்பும் பழைய வகை. பயிர்க் காவலுக்கு இத்தகைய துப்பாக்கி வைத்துக்கொள்ள 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தனியாகவே இடம் தருகிறது. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளும் அந்தக் காட்டோர ஊர்களில் இருந்தன என்பது போலீசுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். தாமாகக் கொண்டுவந்து கொடுத்தால் வழக்கு இல்லை என்று கிருஷ்ணகிரி மாவட்டக் காவல் துறை கிராமம் கிராமமாக அறிவித்ததுண்டு.

உரிமம் உள்ள துப்பாக்கியும் நிரந்தரமாக வீட்டில் இருக்காது. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போக வேண்டும். ரசீது வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். "எலெக்சன் வந்துருச்சுப்பா, ஸ்டேசன்ல குடுத்துட்டு வந்தேன்" என்று அப்பா போனில் சொல்வது, மழை வந்தது, மாடு கன்று போட்டது போன்ற இன்னொரு வீட்டுச் செய்தி.

சினிமா வேறு துப்பாக்கியைக் காட்டியது. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன், ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றி 'கங்கா' எடுத்தது 1972இல். அதற்கு முன்பே 'காலம் வெல்லும்' வந்துவிட்டது. தொப்பி, இடுப்பில் தோல் பெல்ட், புழுதி பறக்கும் பொட்டல் என்று எல்லாமே இத்தாலிக்காரர் செர்ஜியோ லியோனே ஸ்பெயினின் பாலைநிலத்தில் எடுத்த படங்களின் சாயல்தான். இத்தாலியர் எடுத்த அமெரிக்காவை நகலெடுத்த தமிழ்ப்படத்தைத் தமிழன் கைதட்டிப் பார்த்தான். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஓசூர்க்காரருக்குக் கூடுதலாக ஒரு சொந்தமும் உண்டு. 1975இல் வந்த 'ஷோலே'யின் பாறைக் குன்றுகள் இருக்கும் ராமநகரம், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு காலைப் பயணத் தூரம். ராயக்கோட்டை, கிருஷ்ணகிரிக் குன்றுகளைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, கப்பர் சிங்கின் மறைவிடம் பக்கத்து ஊர் மாதிரிதான் தெரியும்.

ஆகவே அரிசோனா நிலம் அவரை மலைக்க வைக்கவில்லை. 'மெக்கன்னாஸ் கோல்டு' படத்தில் சூரியன் ஏற ஏற நிழல் நகர்ந்து வழிகாட்டுமே, அந்தக் கல்தூண் நவஹோ மக்களின் நிலமான கேன்யன் டி ஷேயில், 200 மீட்டருக்கும் உயரமாக, உண்மையிலேயே நிற்கிறது. தங்கம்தான் இல்லை.

திகைக்க வைத்தது டூம்ஸ்டோன். சாண்ட்லரிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். வெள்ளிச் சுரங்கத்தால் முளைத்த ஊர். 1881 அக்டோபர் 26ஆம் தேதி ஓ.கே. கொரல் துப்பாக்கிச் சண்டை நடந்தது இங்கேதான். இன்றும் நாள்தோறும் டிக்கெட் போட்டு நடித்துக் காட்டுகிறார்கள். சண்டை நடந்ததோ ஓ.கே. கொரல் என்ற அந்தக் குதிரை லாயத்துக்குள் அல்ல. அதற்குப் பின்னால், ஒரு போட்டோ ஸ்டுடியோவை ஒட்டிய காலி மனையில். அரை நிமிடத்தில் ஏறத்தாழ முப்பது குண்டுகள், மூன்று சாவு.

சண்டையின் காரணத்தைச் சினிமா பெரும்பாலும் பழிவாங்கல் என்று சுருக்கிவிடும். பழைய பகை இருந்தது உண்மைதான். ஆனால் அன்று காவல் தலைவர் வர்ஜில் ஏர்ப், தம்பிகள் வயாட், மார்கனோடும் டாக் ஹாலிடேயோடும் தெருவில் இறங்கியதற்குச் சொன்ன காரணம் வேறு. ஊர் எல்லைக்குள் ஆயுதம் ஏந்தக் கூடாது என்று அந்த ஆண்டு ஏப்ரலில் நகர மன்றம் போட்ட 9ஆம் எண் விதி. வெளியூரிலிருந்து வருபவர் துப்பாக்கியை லாயத்திலோ விடுதியிலோ ஒப்படைத்துவிட்டுத்தான் ஊருக்குள் நடமாட வேண்டும். அந்த விதியை மீறியதற்காக அன்று பகலில்தான் எதிர்த்தரப்பைச் சேர்ந்த ஐக் கிளான்டன் என்பவருக்கு 25 டாலர் அபராதம் விழுந்திருந்தது. கான்சாஸின் டாட்ஜ் சிட்டியிலும் இதே கட்டுப்பாடு இருந்தது.

தேன்கனிக்கோட்டைக் காவல் நிலைய ரசீதுக்கும் டூம்ஸ்டோன் லாயத்துக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை என்பதை அவர் அங்கேதான் கண்டுகொண்டார். கௌபாய் படங்கள் இந்த ஒப்படைப்பை ஏன் இவ்வளவு சுலபமாக மறந்தன என்பது கேட்க வேண்டிய கேள்வி. ரசீது எழுதும் காட்சியில் கைதட்டல் விழாது என்பது ஒரு பதிலாக இருக்கலாம். கிளின்ட் ஈஸ்ட்வுட் 1992இல் 'அன்ஃபர்கிவன்' எடுத்தபோது துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும் அறிவிப்புப் பலகையை ஊர் வாசலில் திரும்ப நட்டுவைத்தார்.

அரிசோனா இன்று எதிர்த்திசையில் வெகுதூரம் போய்விட்டது. 2010 முதல் 21 வயது நிரம்பியவர் அனுமதிச் சீட்டே இல்லாமல் துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம். 2011இல் கோல்ட் நிறுவனத்தின் 'சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி' ரிவால்வரை மாநிலத்தின் அதிகாரபூர்வத் துப்பாக்கியாகவும் அறிவித்தார்கள். இந்தியாவிலோ ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம், உரிமம் உள்ள ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்திருக்கிறது.

அந்தக் கோல்ட் ரிவால்வர் மேல் ஓசூர்க்காரருக்கு ஒரு மோகம் உண்டு, மறுப்பதற்கில்லை. அது கொலைக்கருவி மேல் வந்த மோகம் அல்ல; லேத்துப் பட்டறையில் நின்றவனுக்கு இயந்திரத்தின் மேல் வரும் மோகம். 1873இல் வந்த வடிவம். சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால் நான்கு 'க்ளிக்', உருளை நகர்ந்து பூட்டிக்கொள்ளும். சாமுவேல் கோல்ட் ஹார்ட்ஃபோர்டில் நடத்திய தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள்தான் பிராட், விட்னி என்ற கருவித் தயாரிப்பாளர்கள். பின்னாளில் கடிலாக் கார் செய்த ஹென்றி லேலாண்டும் துப்பாக்கித் தொழிற்சாலையில் கை பழகியவர். எந்த உதிரிபாகத்தை எடுத்தாலும் எந்த வண்டியிலும் பொருந்த வேண்டும், கேஜுக்குள் போனால் சரி, போகாவிட்டால் ஸ்கிராப் என்கிற ஒழுங்கு துப்பாக்கிப் பட்டறையில் முற்றி, தையல் இயந்திரம், சைக்கிள், கார் என்று நகர்ந்து, அசோக் லேலண்டுக்கும் டிவிஎஸ்ஸுக்கும் பாகம் செய்யும் ஓசூர் ஷெட்டுகளில் 'கோ, நோ-கோ' என்று தினசரிப் பேச்சாகிவிட்டது. மைக்ரான் கணக்கில் திட்டு வாங்கியவருக்கு அந்த நான்கு க்ளிக் சங்கீதம்தான்.

கிரீன் கார்டு வந்ததும் விசாத் தடை தானாக விலகியது. அப்போதும் அவர் வீட்டில் துப்பாக்கி வாங்கி வைக்கவில்லை. வீட்டம்மாவின் தீர்ப்பு அது, மேல்முறையீடு கிடையாது. பார்க்க மட்டும் போகிறார். 1987இல் தொடங்கிய 'சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி'யின் 'விண்டர் ரேஞ்ச்' போட்டி ஃபீனிக்ஸின் பென் ஏவரி திடலில் நடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு உடுப்பு கட்டாயம், அக்கால மாதிரித் துப்பாக்கி கட்டாயம். ஆனாலும் கௌபாய் யாரும் நினைத்தபடி தோட்டா போட்டுக்கொள்ள முடியாது. அதற்கென்று ஒரு மேசை, மேற்பார்வைக்கு ஓர் ஆள். ஆறு அறை ரிவால்வரில் ஐந்து தோட்டாக்கள்தான். சுத்தியல் காலி அறை மேல் உட்கார வேண்டும். சுட்டு முடித்ததும் இன்னொரு மேசையில் காலியாக்கிக் காட்ட வேண்டும். ஆலையின் பாதுகாப்பு அதிகாரி பார்த்தால் மெச்சுவார்.

உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு புனைபெயர் சூட்டிக்கொள்ள வேண்டும், ஒருவர் வைத்த பெயரை மற்றவர் வைக்கக் கூடாது என்பதும் விதி. சேனல் வியின் சிறு விளம்பரங்களில் பிறந்து 2009இல் முழுநீளப் படமாகவும் வந்த, பசுவைக் காக்கும் சைவக் கௌபாய் 'க்விக் கன் முருகன்' பெயர் இன்னும் காலியாக இருக்கிறதா என்று விசாரித்து வைத்துக்கொள்ளும்படி நண்பர்கள் அவரை நச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள்.