சைலன்சர் பக்கத்துக் கோடுகள்

மரம் அறுக்கும் மெஷினைக் கையில் வாங்கியதும் மெக்கானிக் பெட்ரோல் மூடியைத் திறக்கவில்லை, பிளக்கைத் தொடவில்லை. ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியை மட்டும் பிடித்து மெஷினைத் தொங்கவிட்டார். கம்ப்ரஷன் உள்ள மெஷின் தன் எடையில் கொஞ்சம் இறங்கும், நிற்கும், மறுபடி இறங்கும். உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்த முடியாமல் முரண்டு பிடிக்கிற நிறுத்தம் அது. இதுவோ எங்கும் நிற்காமல் கிணற்று வாளி மாதிரி சரசரவென்று இறங்கிக் காலடிக்கு வந்துவிட்டது. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி போகிற சாலையில் தகரக் கூரைப் பட்டறை. 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் சாய்த்துப் போட்ட தென்னைகளை அப்புறப்படுத்த இந்தப் பக்கம் வந்து இறங்கிய மெஷின்களில் இதுவும் ஒன்று. தென்னையை லேசான மரம் என்பவர்கள் அதை அறுத்துப் பார்க்காதவர்கள். வெளிச்சுற்றின் வைரம் செயின் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கிய பல்லை வைத்துக்கொண்டு ஆள் அழுத்துவான். எஞ்சின் கொதிக்கும். அறுபடும் தூளே போய்ச் சிலிண்டரின் மடிப்புகளை அடைத்துக்கொள்ள, சூடு வெளியேற வழியில்லாமல் போகும்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மரக் காண்ட்ராக்டர், வெள்ளைச் சட்டை. மற்றவன் மெஷின் பிடிக்கிறவன். லுங்கி மடிப்பில் மரத்தூள் இருந்தது. வாசல் தூணோடு ஒட்டி நின்றுகொண்டான்.

“காலையில ஸ்டார்ட் ஆவுதுண்ணே. அரை மணி நேரம் ஓடுனா நின்னுடுது. ஆறுனாத்தான் மறுபடி. எல்லாம் இவன் வேலைதான். ஆயில் கலக்காம வெறும் பெட்ரோல ஊத்தியிருப்பான்.”

தூண் பக்கத்திலிருந்து பதில் இல்லை.

பிளக்கைக் கழற்றிய ஓட்டையில் மெக்கானிக் கம்ப்ரஷன் கேஜைத் திருகினார். சுவிட்சை அணைத்து, ரேஸை முழுக்க அழுத்திப் பிடித்து, முள் இனி ஏறாது என்கிற வரை கயிற்றை இழுத்தார். எண்பதில் நின்றது. 120 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருந்தால்தான் இந்த அளவு மெஷின் மரத்தில் ஒழுங்காக இறங்கும். 150 தொட்டால் கவலையே இல்லை. அவர் கேஜில் வால்வு நுனியிலேயே இருக்கிறது. காருக்கென்று விற்கிற சில கேஜ்களில் வால்வு ஹோஸின் மறுமுனையில் இருக்கும். இத்தனூண்டு சிலிண்டருக்கு ஹோஸுக்குள் இருக்கும் இடமே அதிகம் என்பதால் நல்ல மெஷினைக்கூட அவை செத்ததாகக் காட்டிவிடும். அப்படித் தூக்கிப் போடப்பட்ட மெஷின்கள் எத்தனையோ.

பிளக் ஓட்டை வழியே சில சொட்டு ஆயிலை விட்டு மறுபடி இழுத்தார். 115. ஆயில் போய் அடைத்த சந்து ரிங்குக்கும் போருக்கும் நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். முள் அசையாமல் இருந்திருந்தால் பிளக் மரையையோ கேஸ்கட்டையோ சந்தேகப்பட்டிருப்பார்.

“பாத்தீங்களா, ரிங்கு போச்சு” என்றார் காண்ட்ராக்டர், ஜெயித்தவர் போல. “ஆயில் இல்லாம ஓட்டுனா வேற என்னாவும்?”

மெக்கானிக் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சைலன்சரைக் கழற்றி, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்து, கயிற்றை அங்குலம் அங்குலமாக இழுத்தார். பிஸ்டனின் பக்கவாட்டு சைலன்சர் இருந்த வாயில் மெதுவாக ஏறியது. மேலிருந்து கீழாக நெருக்கமான கோடுகள், நடுவில் அலுமினியம் உருகி இழுபட்ட திட்டு. காண்ட்ராக்டர் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

அதோடு முடித்துப் பிஸ்டனுக்கு விலை சொல்லியிருக்கலாம். பல பட்டறைகளில் அப்படித்தான் நடக்கும். இவர் ஏர் ஃபில்டரையும் கார்புரேட்டரையும் கழற்றி, எதிர்ப்பக்க வாய் வழியாகவும் பார்த்தார். அங்கே பிஸ்டன் சுத்தமாக இருந்தது. தயாரித்தபோது விழுந்த மெல்லிய கடைசல் வரிகள்கூட அழியவில்லை.

“இங்க வாங்க” என்று காண்ட்ராக்டரைக் கூப்பிட்டார். “ஆயில் இல்லாம ஓடுனா சுத்திலும் உரிஞ்சிருக்கும். ஃபில்டர் கிழிஞ்சு தூசி போயிருந்தா இந்தப் பக்கம் தேஞ்சு மங்கிப் போயிருக்கும். இங்க ஒண்ணுமில்ல பாருங்க. கோடு பூரா சைலன்சர் பக்கம்.” பிறகு முதல் தடவையாகத் தூணைப் பார்த்தார். “தம்பி, ரேஸ விட்டா ஒடனே அடங்குதா?”

“இல்லண்ணே. விட்ட பொறவும் கொஞ்ச நேரம் கத்திட்டுத்தான் அடங்கும். ஸ்லோவுலயும் நிக்காது. பொங்கலுக்கு முன்னாடியே இவங்ககிட்ட சொன்னேன்.”

காண்ட்ராக்டர் செல்போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகுதான் வேலை விறுவிறுப்பானது. ஃபிளைவீலைக் கழற்றினார். சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு வாய்களையும் அடைத்துப் பட்டையால் இறுக்கினார். பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் ஓட்டை வழியாகப் பம்பில் காற்று ஏற்றினார். ஏழு எட்டு பி.எஸ்.ஐ. போதும். அதற்கு மேல் போனால் நல்ல சீலும் கெட்டுவிடும். முள் மெல்லச் சரிந்தது. சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினார். கிராங்க் வெளியே வருகிற இடத்தில், ஆயில் சீலின் உதட்டோரம், நுரை கொப்பளித்தது.

விஷயம் அவ்வளவுதான். சீல் காய்ந்து வெடித்த வழியில் வெறுங்காற்று உள்ளே போயிருக்கிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் வரும். காற்று கூடினால் இரண்டும் சேர்ந்து குறையும். முழு ரேஸில் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தாண்டும் ஓட்டம். சைலன்சர் பக்கம் ஏற்கெனவே சூடான பக்கம். முதலில் அங்கேதான் பிடிக்கும்.

மெஷின் பிடிக்கிறவன் தூணை விட்டு வந்து குந்தி உட்கார்ந்து நுரையைப் பார்த்தான்.

“போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுடலாமாண்ணே? என் ஆர்.எக்ஸ். 100க்கு அப்படித்தான் செஞ்சோம்.” காண்ட்ராக்டரின் குரல் இறங்கியிருந்தது.

“அதுல இரும்பு ஸ்லீவ். கடையலாம். இது அலுமினியம், உள்ள மேல்பூச்சு. மயிரிழை கனம்கூட இருக்காது. லேத்துல குடுத்தா பூச்சு போயிடும், அப்பறம் சட்டிதான்.”

சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். பிஸ்டனிலிருந்து இழுபட்ட அலுமினியம் சாம்பல் தீற்றலாக ஒட்டியிருந்தது. பட்டறைக்கு வெளியே போய், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைக் குச்சிப் பஞ்சில் தொட்டுத் தீற்றலின் மேல் மட்டும் வைத்தார். பொரிந்தது. அலுமினியத்தைத்தான் ஆசிட் சட்டென்று தின்னும், பூச்சை அவ்வளவு சீக்கிரம் தொடாது. துடைத்து மறுபடி வைத்தார். பொரிவது நின்ற பிறகு தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவி, கட்டை விரல் நகத்தைப் போரின் மேல் குறுக்காக இழுத்தார். எங்கும் மாட்டவில்லை.

“சிலிண்டர் பொழைச்சுது. பிஸ்டன், ரிங்கு, ரெண்டு பக்க சீலு. கார்புரேட்டர் டயாஃப்ரமும் மாத்திடணும்.”

“சீல் ஒரு பக்கம் மட்டும் மாத்துனா போதாதா?”

“ரெண்டுக்கும் ஒரே வயசு.”

காண்ட்ராக்டர் அட்வான்ஸை எண்ணிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுக்கப் போனார். மற்றவன் பழைய பிஸ்டனைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, இனிமே ரேஸ விட்ட பொறவும் அப்படிக் கத்துனா?”

“ஒடனே ஆஃப் பண்ணிட்டு இங்க கொண்டா. மொதலாளி வையட்டும்.”