விலை இறங்கட்டும்

மே 5, 2024, ஞாயிறு. பர்மிங்காம்

காலையில் ஊருக்கு வெளியே நடந்த பழைய பைக் உதிரிபாகச் சந்தைக்குப் போனேன். ஈரப் புல்தரையில் தார்ப்பாய் விரித்து அமால் கார்புரேட்டர், லூகாஸ் மேக்னெட்டோ, துருவேறிய மட்கார்டு என்று குவித்திருந்தார்கள். விற்றவர்களில் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள். எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: விலை விழுந்துவிட்டது. நான் நீ என்று போட்டி போட்டு வாங்கிய பழைய ட்ரையம்ப் வண்டிகளை இன்று கேட்க ஆளில்லையாம். ஆசையாகச் சேர்த்தவர் கண்ணை மூடியதும் பிள்ளைகள் ஷெட்டைக் காலி செய்கிறார்கள். "எங்களோடு இது முடிந்தது" என்றார் ஒரு பெரியவர். அவர் வருத்தம் நியாயமானது. முடிவு மட்டும் எனக்கு ஒப்பவில்லை.

மே 7, செவ்வாய்

வேலை முடிந்து ஸ்மால் ஹீத் பக்கம் போனேன். பி.எஸ்.ஏ. பைக் ஆலை ஓங்கி நின்ற ஆர்மரி ரோடு இங்கேதான் இருக்கிறது. இந்த வண்டிகள் கண்ணாடிக்குள் வைக்கச் செய்தவை அல்ல. தொழிலாளி வேலைக்குப் போக வாங்கினான். சைடுகாரில் மனைவி மக்களை ஏற்றிக் கடற்கரைக்குப் போனான். 1959-ல் மினி கார் வந்தபின் குடும்பங்கள் காருக்கு மாற, பைக் இளவட்டங்களின் சொத்தாயிற்று. தவணையில் வாங்கிய வண்டியோடு லண்டன் ஏஸ் கஃபேயில் கூடினார்கள். 1964-ல் கடற்கரை ஊர்களில் நடந்த அடிதடிக்குப் பிறகு பத்திரிகைகள் அவர்களை ரவுடிகளாகவே எழுதின.

அதற்கு முன்பே, 1962-ல், பில் ஷெர்கோல்ட் என்ற பாதிரியார் தானே பைக்கில் ஏஸ் கஃபேக்குப் போய் அந்தப் பையன்களைத் தேவாலயத்துக்கு அழைத்தார். அவர்கள் வந்தார்கள், அவருடைய 59 கிளப் பெரிதாக வளர்ந்தது. அன்று ஊர் ஒதுக்கிய பையன்கள்தான் இன்றைய தாத்தாக்கள். 1969-ல் மூடிய ஏஸ் கஃபே 2001-ல் மறுபடி திறந்ததும் அவர்களை விட்டுப்போகாத பிரியத்தால்தான்.

மே 8, புதன்

எங்கள் பழைய பைக் கிளப்பின் கூட்டம். இரண்டு இளைஞர்கள் புது ராயல் என்ஃபீல்டில் வந்து நார்ட்டன்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். "அது இந்தியா வண்டி" என்று ஒருவர் முகம் சுளித்தார். எனக்குச் சுருக்கென்றது. இங்கிருந்து அதிக தூரமில்லாத ரெட்டிச்சில் இருந்த என்ஃபீல்டின் தாய் ஆலை 1967-ல் மூடிவிட்டது. ஐம்பதுகளின் நடுவிலிருந்து என்ஃபீல்டின் புல்லட்டைச் செய்துவந்த சென்னை, திருவொற்றியூரிலோ அதை நிறுத்தவேயில்லை. அங்கே செய்த வண்டிகள் எழுபதுகளின் பிற்பகுதியில் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயின. நார்ட்டனையே 2020-ல் டி.வி.எஸ். வாங்கிவிட்டது. இரவு இதைப் போனில் சொன்னபோது சித்தப்பா கொதித்தார்: "அவங்க மூடிட்டுப் போனதை நாம இத்தனை வருஷம் ஓட்டிக் காப்பாத்தியிருக்கோம்டா. அது எப்படி வேத்து வண்டி ஆகும்?"

1946-ல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் கணக்கில் இருபத்தைந்து வயதான எந்த வண்டியும் சேர்த்தி. பிரிட்டிஷ் ஆலைகளை ஆட்டங்காண வைத்த ஹோண்டாவும் அதற்குள் வந்தாயிற்று. விதிக்கு இருக்கிற விசாலம் சில மனிதர்களுக்கும் வர வேண்டும்.

மே 11, சனி

இந்த வாரத்தின் நல்ல நாள். பக்கத்துத் தெருப் பெரியவரின் ஷெட்டில் கல்லூரி மாணவி ஒருத்தி பி.எஸ்.ஏ. பேன்டம் 125-ஐப் பிரித்துக்கொண்டிருந்தாள். போர் இழப்பீடாகக் கிடைத்த ஜெர்மானிய டி.கே.டபிள்யூ. வடிவமைப்பை இடவலம் மாற்றி 1948-ல் செய்த சின்ன வண்டி. தந்திப் பையன்கள் ஓட்டியது சிவப்பு பேன்டம். பதினேழு வயதானவர்கள் அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டு, எல் போர்டு மாட்டி இதை ரோட்டில் ஓட்டலாம்.

பெரியவர் விட்வொர்த் ஸ்பானர்களை அவள் கையில் கொடுத்தார். அதில் எழுதியிருப்பது போல்ட்டின் குறுக்களவு. அதன் தலையின் அளவல்ல. மில்லிமீட்டர் ஸ்பானரைத் திணித்தால் முனை மழுங்கும். பாயின்ட் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்கச் சொன்னார். டூ ஸ்ட்ரோக், அதனால் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். 2021-ல் வந்த பத்து சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும், ஐந்து சதவீதத்தையே தேடிப் போடு என்றார். கியர் வலது காலில். பழைய புல்லட் ஓட்டிய நம்மவர்களுக்கு அந்தப் பழக்கம் தெரியும்.

"கிக்கரை உதைக்காதே, முழு உடம்பையும் அதன்மேல் இறக்கு" என்றார். அவள் இறக்கினாள். புகை கக்கிக்கொண்டு என்ஜின் பிடித்தது. பெரியவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். பெண்ணுக்கு எதற்கு இது என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. 1934-லேயே பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் ப்ரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தில் நார்ட்டனை மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஓட்டி கோல்ட் ஸ்டார் பதக்கம் வாங்கிவிட்டார்.

மே 12, ஞாயிறு

அந்தப் பெண் கஃபேயில் வேலை பார்த்த பணத்தில் பேன்டத்தை வாங்கினாளாம். விலை இறங்கியதால்தான் அது முடிந்தது. சந்தைப் பெரியவர் அழிவு என்று கண்டது எனக்குத் திரும்பிவருதலாகத் தெரிகிறது. சம்பளக்காரனின் வண்டி நடுவில் சேமிப்புப் பத்திரமாகி, மறுபடி சம்பளக்காரியின் கைக்கு வந்திருக்கிறது.

ஷெட்டில் மூன்று நான்கு வண்டி பூட்டி வைத்திருப்பவர்களே, ஒன்றை ஓர் இளம் பிள்ளைக்குக் கட்டுபடியாகிற விலையில் கொடுங்கள். பாதிரியார் பில்லைப் போல நீங்களே தேடிப் போய்க் கூப்பிடுங்கள். வண்டியோடு விட்வொர்த் ஸ்பானர்களையும் கொடுங்கள். சில சனிக்கிழமைகள் பக்கத்தில் நின்று சொல்லியும் கொடுங்கள்.