மேனேஜர் ஆகப் போறீங்களா?

ஃபைனல் இயர் வந்துட்டா எல்லா ஹாஸ்டல்லயும் கேக்கிற டயலாக் இது: ‘‘கோடிங் எல்லாம் ரெண்டு வருஷம்தான் மச்சி. அப்புறம் எம்.பி.ஏ., மேனேஜர், ஏ.சி. ரூம். ஆளுங்களை மேய்க்கிறதுக்கு எதுக்குடா டெக்னிக்கல்?’’

நீங்களும் சொல்லியிருப்பீங்க. இல்லேன்னா தலையாட்டியிருப்பீங்க. எஞ்சினீயரிங் டீமுக்குத் தலைமை தாங்கறவருக்கு எஞ்சினீயரிங் தெரிஞ்சே ஆகணுமா?

எங்க ஊர் திருவண்ணாமலையிலேருந்தே ஆரம்பிக்கிறேன். கார்த்திகை தீபத் திருவிழாவோட ஏழாம் நாள் தேரோட்டம். மாட வீதியில ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிச்சு இழுப்பாங்க. ஆனா, தேரைத் திருப்புறதும் நிறுத்துறதும் சக்கரத்துக்குப் பக்கத்துல முட்டுக்கட்டையோட நடக்கிற சில பேர்தான். தேர்ல நின்னு சைகை காட்டுறவருக்குக் கட்டை போடும் கை வேண்டாம். கீழேயிருந்து ‘நிறுத்து’ன்னு குரல் வந்தா, அது எவ்வளவு அவசரம்னு புரிஞ்சா போதும்.

இப்போ ராக்கெட்டுக்கு வருவோம். 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. எஸ்.எல்.வி-3 கிளம்பின சில நிமிஷத்துல வங்கக் கடல்ல விழுந்தது. புராஜெக்ட் டைரக்டர், நம்ம அப்துல் கலாம். பிரஸ் மீட்ல பொறுப்பை ஏத்துக்கிட்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் ரோகிணி சாட்டிலைட் சுற்றுப்பாதைக்குப் போனப்போ, பிரஸ் மீட்டை கலாமையே நடத்தச் சொன்னார். கலாமே பல மேடைகள்ல சொல்லி, நமக்கு மனப்பாடமான கதை.

அதுல ஒரு விஷயத்தை நாம கவனிக்கிறதில்லை. தோத்த அன்னிக்கே தவான், அடுத்த ஒரு வருஷத்துக்குள்ள ஜெயிப்போம்னு நிருபர்கள்கிட்ட சொன்னதா கலாம் சொல்லுவார். அது வெறும் பெரிய மனசு இல்லை. தவான் ஆங்கில இலக்கியத்துல எம்.ஏ.; கூடவே மெக்கானிக்கல் எஞ்சினீயர்; 1951-ல் அமெரிக்காவோட கால்டெக்ல டாக்டர் பட்டம் வாங்கினவர். எது கோளாறு, அதைச் சரிபண்ண முடியுமான்னு எடைபோடத் தெரிஞ்சதாலதான் டீமை நம்பி நாள் குறிக்க முடிஞ்சது.

‘‘ஸ்டீவ் ஜாப்ஸ் எஞ்சினீயரே இல்லையே பாஸ்?’’ கரெக்ட். காலேஜைப் பாதியில விட்டவர். முதல் ஆப்பிள் கம்ப்யூட்டரை டிசைன் பண்ணினது வோஸ்னியாக். ஆனா, ஜாப்ஸ் 1974-ல் அட்டாரி வீடியோ கேம் கம்பெனியில டெக்னீஷியனா இருந்தவர். டிகிரி இல்லை, பரிச்சயம் இருந்தது.

டிகிரி மட்டும் இருந்தா போதுமா? அதுவும் இல்லை. 1986 ஜனவரி 27 ராத்திரி. சேலஞ்சர் விண்கலத்தோட பூஸ்டரைத் தயாரிச்ச மார்ட்டன் தையோகால் கம்பெனி எஞ்சினீயர்கள், ‘நாளைக்குக் குளிர் ஜாஸ்தி. இணைப்புல இருக்கிற ரப்பர் வளையம் சரியா அடைக்காம போகலாம். ஏவாதீங்க’ன்னாங்க. எஞ்சினீயரிங் பிரிவோட துணைத் தலைவர் ராபர்ட் லண்டும் முதல்ல அவங்க பக்கம்தான். நாசா தரப்பு மறுத்துப் பேசினதும், கம்பெனியோட சீனியர் ஒருத்தர் அவரை எஞ்சினீயர் தொப்பியைக் கழட்டிட்டு மேனேஜர் தொப்பியைப் போடச் சொன்னார். லண்ட் மாறினார். மறுநாள், கிளம்பின 73-வது விநாடியில சேலஞ்சர் சிதறிச்சு. உள்ளே இருந்த ஏழு பேரும் போயிட்டாங்க. லண்டுக்கு விஷயம் தெரியாமலா? தெரிஞ்சதைக் கடைசி வரைக்கும் பிடிச்சு நிக்கலை.

இப்போ நம்ம கதை. ஃபைனல் இயர் புராஜெக்ட்டை சென்டர்ல காசு கொடுத்து வாங்கி, வைவாவுக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம் பண்ற கூட்டம் எல்லா காலேஜ்லயும் இருக்கு. எக்ஸ்டர்னல் ரெண்டாவது கேள்வி கேட்டா முழி பிதுங்கும். அதே முழியோட டீம் லீடர் ஆனா? ‘எத்தனை பர்சென்ட் முடிஞ்சுது? எப்போ முடியும்?’ – இந்த ரெண்டு கேள்விதான் கேக்க வரும். டீம்ல இருக்கிறவன் ‘90 பர்சென்ட் சார்’ம்பான். போன வாரமும் அதேதான் சொல்லியிருப்பான். நிஜமா, ரீலான்னு கண்டுபிடிக்க வழி கிடையாது. அப்புறம், சத்தமா பேசுறவன் சொல்றதுதான் ரிப்போர்ட்ல ஏறும்.

மேனேஜர் ஆகுற ஆசை தப்பே இல்லை. கோடிங்ல புலியாவும் இருக்க வேண்டாம். ஆனா, இந்த நாலு வருஷத்துல ஒரே ஒரு புராஜெக்ட்டையாவது முதல்லேருந்து கடைசி வரை சொந்தக் கையால பண்ணிப் பாருங்க. சொதப்பட்டும். எங்கே, ஏன் சொதப்பிச்சுன்னு தேடிப் பாருங்க. பத்து வருஷம் கழிச்சு ஒரு ஜூனியர் வந்து, ‘சார், இது வேலைக்கு ஆகாது’ன்னு சொல்லும்போது, அவன் சோம்பேறித்தனத்துல சொல்றானா, ஆபத்தைப் பார்த்துச் சொல்றானான்னு உங்களுக்குத் தெரியணும். ஆபத்துன்னா, அதை உங்க பாஸ்கிட்டயும் போய்ச் சொல்லணும்.

ஏ.சி. ரூம் வேணும்னா, இதுக்குத் தயாரா இருங்க!