வாளிக்குள் மிச்சமிருக்கும் இறால்



பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டது. அஸருக்குப் பிறகு வாவிக்கரையில் தூண்டிலோடு நிற்கும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். போனோடு மூலையில் கிடப்பதை விட இது எவ்வளவோ மேல். அதனால் கொடுவாத் தூண்டிலைப் பற்றி, மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று நாங்கள் பழகியதைக் கொஞ்சம் எழுதுகிறோம்.

கொடுவா செத்த இரையைப் பெரிதாகக் கணக்கெடுக்காது. துடிக்கிற இறால் வேண்டும், இல்லாவிட்டால் விரல் நீள மணலை வேண்டும். ஆகவே கொடுவாவுக்குப் போவதென்றால் முதல் வேலை இரை பிடிப்பது. வெயில் தாழ, முழங்கால் தண்ணீரில் வீச்சுவலை எறிவோம். பத்து இறால் கிடைத்தால் வலையை உதறி மடித்துவிடுவோம். முதலை நடமாடும் இடமென்றால் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது.

வாளியில் வாவித் தண்ணீரையே நிரப்புங்கள். கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் உப்பு மாறி இறால் தாங்காது. வாளி நிழலில் இருக்கட்டும். தண்ணீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறையும். விஞ்ஞான பாடத்தில் எத்தனை தரம் எழுதிப் போட்டாலும் மறக்கிற பிள்ளை, வாளியில் ஒருதரம் பார்த்தால் மறக்காது.

இறாலின் தலைக்குள் கறுப்பாக ஒரு பொட்டுத் தெரியும். அதில் முள் பட்டால் உடனே செத்துவிடும். வால் பக்கம் மெதுவாகக் கொழுவினால் நீந்திக்கொண்டிருக்கும். பாலத் தூண், கண்டல் வேர் ஓரங்களில்தான் கொடுவா பதுங்கி நிற்கும். மம்மல் நேரத்தில் 'டப்' என்று உறிஞ்சி இழுக்கும். அதன் செவிள் மூடி கத்தி மாதிரி. முள்ளுக்குப் பக்கத்தில் மொத்தத் தங்கூசி கட்டாவிட்டால் அறுத்துக்கொண்டு போய்விடும்.

இதெல்லாம் கைப்பழக்கம். ஆனால் போன வருடம் எங்களோடு வந்த பத்தாம் தரப் பிள்ளை ஒருவர், இறாலைக் கையில் வைத்துக்கொண்டு, "உசிரோட கொழுவுறது இதுக்கு நோகாதா சேர்?" என்று கேட்டார்.

எங்களில் ஒருவரும் உடனே வாய் திறக்கவில்லை. மூத்த காக்கா ஒருவர், "திங்கத்தானேடா தம்பி பிடிக்கிறம்" என்றார். பிள்ளை விடவில்லை. "திங்கிறது கொடுவாவைத்தானே காக்கா, இறாலை இல்லையே?"

மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களுக்கில்லை. அதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு எங்களுக்குள் சில ஒழுங்குகள் வந்தன. கெளுத்திக்குச் செத்த இறாலே போதும். அதற்கு உயிரிரை கொழுவுவதில்லை. வாளியில் மிஞ்சியதை மஃரிபுக்கு முன் தண்ணீரில் விட்டுவிடுவோம். போட்டோவுக்காக மீன் பிடிப்பதில்லை. பிடித்ததைச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு முழத்துக்குக் குறைந்த கொடுவாவை, முள்ளைக் கழற்றித் திரும்ப விடுவோம்.

கடைசி ஒழுங்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. கொடுவாவில் அநேகமானவை முதலில் ஆணாக வளர்ந்து, சில வருடங்கள் கழித்துத்தான் பெண்ணாக மாறும். சின்னதையெல்லாம் சட்டிக்குள் போட்டால், முட்டையிடப் பெரிய பெண் மீன் எங்கிருந்து வரும்?

கேள்வி கேட்ட பிள்ளை இப்போது பிளாஸ்டிக் மீன் கட்டித்தான் எறிகிறார். அவருக்குக் கிடைப்பது எங்களை விடக் குறைவு. ஆனாலும் ஒருவரும் கேலி செய்வதில்லை. அவர் வரும் நாட்களில் எங்கள் வாளியிலும் இறால் குறைவாகத்தான் இருக்கும்.

உம்மா வாப்பாமாரே, பிள்ளை தனியாகக் கரைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுந்த தங்கூசியைக் கரையில் விடாமல் சுருட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அது கொக்கின் காலிலும் சுற்றும், எங்கள் காலிலும் சுற்றும். வீட்டுக்கு வந்ததும் "எத்தனை பிடிச்ச?" என்பதோடு நிறுத்தாமல், "மிஞ்சின இறாலை என்ன செஞ்ச?" என்றும் ஒருமுறை கேளுங்கள்.