சங்கராபுரத்து அதிரசமும் மறுநாள் பட்டினியும்

சங்கராபுரத்தில் என் அக்கா வாழ்க்கைப்பட்டு முப்பது வருஷம் ஆகிறது. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து வடக்கே சங்கராபுரத்துக்கு இன்னொரு பஸ். முன்பு அந்த ஊரும் எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும், அக்கா வேறு மாவட்டத்துக்காரி ஆகிவிட்டாள்!

இந்தத் தை மாதம் அக்கா பேரனுக்குக் காதுகுத்து. என் பதின்மூன்று வயது மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் கரும்பு. மூங்கில்துறைப்பட்டில் ஒன்று, கச்சிராயபாளையத்தில் ஒன்று என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகள். இப்படி இனிப்பு விளைகிற சீமைக்கு, இனிப்பே தொடுவதில்லை என்ற விரதத்தோடு நான் போனேன்.

காரணம் இருக்கிறது. 78 கிலோ இருந்தேன். "சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள்" என்று டாக்டர் எச்சரித்தார். காலையில் நடை, ராத்திரி இரண்டு சப்பாத்தி என்று பாடுபட்டு, நாலு மாதத்தில் 73 கிலோவுக்கு வந்திருந்தேன்.

காதுகுத்தன்று பந்தியில் உட்கார்ந்து, "கொஞ்சமா வைங்க, கொஞ்சமா வைங்க" என்று கையை நீட்டி மறைத்துக்கொண்டே இருந்தேன். அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏன்டி, என் வீட்டு விசேஷத்துக்கு வந்துட்டு இப்படி இலையைக் காலியா வச்சுக்கிட்டு உட்கார்ந்தா எப்படி?" என்று ஓர் அதிரசத்தை இலையில் வைத்தாள். வெல்லப்பாகும் ஏலக்காயுமாய் மணத்தது. தின்றேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் ஒன்றுமில்லை. "சரி, இன்னைக்கு விரதம் கெட்டுப் போச்சு. இனிமே ஒண்ணு தின்னா என்ன, நாலு தின்னா என்ன" என்று மனசு ஒரு கணக்குப் போட்டது. பாயசம், வடை, சாயங்காலம் காபியோடு மறுபடியும் அதிரசம்.

இன்னும் கேளுங்கள். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு தண்ணீர் குடிக்கப் போனவள், விளக்குகூடப் போடாமல் சம்படத்தைத் திறந்து, நின்றபடியே இரண்டு அதிரசம் தின்றேன். பசியும் இல்லை, ருசியும் தெரியவில்லை. படுத்தால் தூக்கம் வரவில்லை. திருடியவள் மாதிரி இருந்தது. நாலு மாத உழைப்பும் வீண், நான் எதற்கும் லாயக்கில்லாதவள் என்று தலையணை நனைந்தது. விடிந்ததும் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் கல்வராயன் மலைக்குப் போவதாக ஏற்பாடு. அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, வேன் பிடித்திருந்தார். கச்சிராயபாளையம் தாண்டியதும் மலையடிவாரத்தில் கோமுகி அணை. "மொத்தம் 46 அடி. ஆனா மழைக்காலத்துல விளிம்பு வரைக்கும் ஏற விடமாட்டாங்க. முன்னாடியே உபரித் தண்ணியைத் திறந்து விட்டுடுவாங்க" என்றார் மாமா. காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. வயிறு காய்ந்து கிடந்தது.

கிழக்குத் தொடர்ச்சி மலையில் 2000, 3000 அடி உயரமுள்ள மலைகள் இவை. வளைவுகளில் வேன் ஏற ஏறத் தலை சுற்றியது. அக்கா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். "எனக்கு வேணாம்க்கா" என்றேன். என் மகளிடம் நீட்டினாள்.

"எனக்கும் வேணாம் பெரியம்மா. நானும் நேத்து அம்மா மாதிரி நிறையச் சாப்பிட்டுட்டேன். இன்னிக்கு ஒண்ணும் சாப்பிடப் போறதில்லை."

சொரேலென்றது எனக்கு. வளர்கிற பெண். வாரம் இரண்டு நாள் தலைசுற்றுகிறது என்று சொல்கிற பெண். நான் என்னைத் தண்டித்துக்கொள்வதாக நினைத்தேன். அவளோ பக்கத்தில் இருந்து பாடம் படித்திருக்கிறாள்!

வெள்ளிமலையில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு வீடு. மலையாளிகள் என்று அங்கே சொல்கிற மலைவாழ் மக்கள். (கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசுகிறவர்கள்.) மரவள்ளியும் சாமையும் பயிரிடுகிறவர்கள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்திருந்தார்கள். நான் தயங்குவதைப் பார்த்த அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் அக்கா விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் சிரித்தார்.

"விருந்து சாப்பிட்டா மறுநா பட்டினி கிடக்கணும்னு யாரும்மா சொன்னது? நாங்க விருந்தும் சாப்பிடுவோம், விடிஞ்சா வழக்கமான சோத்தைத் தின்னுட்டுக் காட்டுக்கும் போவோம்."

என் மகள் தட்டைத் தொடாமல் என்னையே பார்த்தாள். "நீ சாப்பிடறியாம்மா?" என்றாள். நான் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தேன். அப்புறம்தான் அவள் கை தட்டுக்குப் போனது. அளவாக, உட்கார்ந்து, ருசித்துச் சாப்பிட்டோம். பிறகு பெரியார் அருவியில் அவள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தபோது, நேற்று ராத்திரியின் பாரம் பாதி இறங்கிவிட்டது.

வீடு திரும்பி எடை பார்த்தேன்: 74 கிலோ 200 கிராம்! பதறிப்போய் டாக்டரிடம் ஓடினேன். "ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர, செலவுக்கு மேல் சுமார் 7,700 கலோரி வேண்டும். ஒரே நாள் விருந்தில் அவ்வளவு சேராது. உப்பும் மாவுப்பொருளும் கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். இதில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர்தான். வழக்கப்படி சாப்பிட்டு நடங்கள்" என்றார். அப்படியே செய்தேன். எட்டாம் நாள் 72 கிலோ 900 கிராம்.

பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்பதையும் அவரே விளக்கினார். பகலெல்லாம் காய்ந்த வயிறு ராத்திரி இரண்டு மடங்கு கேட்கும். மறுபடி தின்போம், மறுபடி அழுவோம். அப்போதுதான் கோமுகி அணை ஞாபகம் வந்தது. ஒரேயடியாகத் தேக்கி வைத்ததால்தானே சங்கராபுரத்தில் என் கரை உடைந்தது? இப்போது ஞாயிறு தோறும் பிடித்த இனிப்பு ஒன்று, பகலில், எல்லோரோடும் உட்கார்ந்து. கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டால் அடுத்த வேளை வழக்கமான சாப்பாடு, வழக்கமான நடை. எடை பார்ப்பது வாரம் ஒரு தடவைதான்.

சகோதரிகளே, என்றோ ஒரு நாள் கூடிப்போவது வேறு. ஒளிந்து ஒளிந்து அளவின்றித் தின்பதும், பிறகு பட்டினி கிடப்பதோ வாந்தி எடுப்பதோ அடிக்கடி நடந்தால் வெட்கப்படாமல் டாக்டரைப் பாருங்கள். மனம்விட்டுப் பேச 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண்ணும் இருக்கிறது.

ஊருக்குக் கிளம்பும்போது அக்கா சம்படம் நிறைய அதிரசம் கட்டிக் கொடுத்தாள். வேண்டாமென்று சொல்லவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தது போக, நானும் என் மகளும் ஆளுக்கொன்று தின்றோம், கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு!